உடல் பருமனான சின்னக் குழந்தைகளின் மூச்சுப் பிரச்சினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கு இரவுத் தூக்கப் பரிசோதனை செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறேன். ராத்திரி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா, அம்மா, கூடவே வரும் பாட்டி, எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இரண்டு வயது முதல் பத்து வயது வரை, எடை மிகவும் கூடிப்போன குழந்தைகளைப் பற்றியது இது. உங்கள் டாக்டர் சொல்வதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக வைத்துக்கொள்ளுங்கள்.

குறட்டை விட்டு நல்லா அசந்து தூங்குறான். அது ஆழ்ந்த தூக்கம்தானே?

இல்லை. சளி பிடித்திருக்கும் நாலு நாள் குறட்டை விட்டால் பரவாயில்லை, சளி போனதும் போய்விடும். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மாதக்கணக்கில் குறட்டை விடுகிற குழந்தைக்குக் காற்று போகும் வழி குறுகியிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடிய குழந்தை என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "அவங்க அப்பாவும் இப்படித்தான்" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அப்படியென்றால் அப்பாவும் போய்க் காட்டிக்கொள்வது நல்லது.

எம் பொண்ணுக்குக் கொஞ்சம் பூசின உடம்பு, அவ்வளவுதான். ரொம்ப அதிகம்னு எதை வச்சுச் சொல்றீங்க?

கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. கொழுகொழு குழந்தைகளைப் பார்த்தே பழகிய நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. ஐந்து வயதுக்குள் என்றால் உயரத்துக்கு எவ்வளவு எடை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பார்ப்பார்கள், அதற்கு மேல் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை எண்ணை வயதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பெரியவர்களுக்குச் சொல்லும் 25, 30 என்ற கணக்கு குழந்தைகளுக்குப் பொருந்தாது.

ஒரு உதாரணம். நான்கு வயதுப் பையனின் நடுத்தர உயரம் 103 செ.மீ., எடை 16 கிலோ சொச்சம். அதே உயரத்தில் ஏறக்குறைய 21, 22 கிலோவைத் தாண்டினாலே அது உடல் பருமன் கணக்கில் வந்துவிடும். அந்த வயதில் 30 கிலோவுக்கு மேல் இருக்கும் குழந்தைகளைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம், அது கடுமையான பருமன். கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். பாவம், நார் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிப்போன கழுத்தோடு வரும் குழந்தைகள் உண்டு.

எடை கூடினா மூச்சு ஏன் பாதிக்கணும்? கொழுப்பு நுரையீரலுக்குள்ள போயிடுமா?

உள்ளே போக வேண்டியதில்லை, வெளியிலிருந்து அழுத்தினாலே போதும். நெஞ்சுக்கூட்டின் மேல் கொழுப்பு படிந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த எடையைத் தூக்க வேண்டியிருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும், அதுதான் அடுத்த மூச்சு வரைக்கும் கைகொடுப்பது. அந்தச் சேமிப்பு குறைந்துபோகிறது. மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு சாதாரண சளி, நிமோனியா வந்தால்கூட ஆக்சிஜன் சட்டென்று இறங்குகிறது.

இன்னொரு பக்கம் தொண்டை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லாருக்கும் இயல்பு. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பும், அந்த வயதுக்கே உரிய பெரிய டான்சிலும், மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதையும் சேர்ந்துவிட்டால் வழி மிகச் சின்னதாகிவிடும். பேப்பர் ஸ்ட்ராவில் கெட்டியான ஜூஸை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்கிறதே, அதேபோலத் தொண்டை ஒட்டிக்கொள்கிறது. குழந்தை மூச்சை இழுக்கிறது, காற்று போகவில்லை, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறிப்போய் அரைத்தூக்கத்தில் எழுப்புகிறது. ஒரே இரவில் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும் குழந்தைகளும் உண்டு. காலையில் அவர்களுக்கு எதுவுமே நினைவிருக்காது.

ராத்திரி பூரா முழிச்சிருக்க முடியுமா? எதைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க.

தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும், விடியற்காலை நான்கு ஐந்து மணிக்கும் ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். விடியற்காலைதான் முக்கியம், கனவுத் தூக்கம் அப்போது அதிகம், அடைப்பும் அப்போதுதான் மோசமாக இருக்கும். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்கி, பிறகு ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறதா? வாயைத் திறந்துகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்கிறதா? உட்கார்ந்தபடியே தூங்க விரும்புகிறதா? ஏ.சி.யிலும் தலையணை நனைகிற அளவுக்கு வேர்க்கிறதா? படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்தியிருந்த குழந்தை மறுபடி போக ஆரம்பித்திருக்கிறதா?

பார்ப்பதை மொபைலில் வீடியோ எடுத்துவிடுங்கள். சட்டையை விலக்கி, முகமும் நெஞ்சும் வயிறும் சேர்ந்து தெரிகிற மாதிரி, சத்தத்தோடு, இரண்டு நிமிடம். வாயால் அரை மணி நேரம் விளக்குவதைவிட டாக்டருக்கு அது உதவும்.

பகல்ல தூங்கி வழியவே மாட்டான், துறுதுறுன்னு இருக்கான். அப்ப பிரச்சினை இல்லதானே?

பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் பகலில் சொக்கும். சின்னக் குழந்தைகளுக்குப் பல நேரம் அது தலைகீழாக வெளிப்படும்: ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், எரிச்சல், அடம், கவனம் நிற்காது. "பையன் கவனிக்கவே மாட்டேங்கிறான்" என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பி, கவனக்குறைபாடு என்ற பெயரில் சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளில் சிலருக்கு அடிப்படைக் காரணம் இரவு மூச்சடைப்பாக இருக்கும். காலையில் தலைவலி, எழுப்பவே முடியாத நிலை இருந்தால் கரியமில வாயு உடம்பில் தேங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். எடை மிக அதிகமான குழந்தை பகலிலும் சொக்கி விழுகிறது என்றால் தாமதிக்கவே கூடாது.

ரெண்டு ரவுண்டு ஓடினா இளைக்குது. வீசிங்னு பஃப் குடுத்திருக்காங்க. எடையால வர்றதா, ஆஸ்துமாவா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பருமனான குழந்தைகளுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பே கொஞ்சம் அதிகம், வந்தால் மருந்துக்கு அடங்குவதும் சிரமம். எடையாலும் பழக்கமின்மையாலும் வாங்கும் மூச்சு, ஓடும்போது வரும், உட்கார்ந்த சில நிமிடங்களில் அடங்கும். ஆஸ்துமாவாக இருந்தால் ஓடி நிறுத்திய பிறகு, ஐந்து பத்து நிமிடத்தில்தான் உச்சத்துக்குப் போகும். கூடவே இருமல், விசில் சத்தம், நெஞ்சை இறுக்குவது இருக்கும். ஐந்து ஆறு வயதுக்கு மேல் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்ய முடியும், அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இளைக்கிறது என்று ஓடவே விடாமல் உட்கார வைப்பதுதான் தப்பு. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு நடக்கட்டும், தண்ணீரில் விளையாடட்டும், நின்று நின்று ஓடட்டும்.

பஃப் போட்டதாலதான் குண்டாயிட்டான்னு பாட்டி சொல்றாங்களே?

வழக்கமான அளவில் இழுக்கும் ஸ்டீராய்டு பஃப் குழந்தையை இப்படிக் குண்டாக்காது. அதை நிறுத்திவிட்டு, திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் ஆபத்து. மாதக்கணக்கில் வாய்வழியாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு விஷயம்: முகம் உருண்டையாகும், எடை ஏறும், உயரம் நின்றுபோகும். "இளைப்புக்கு" என்று லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் தரும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. அப்படி எதையாவது கொடுத்து வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டுவார் என்று பயப்பட வேண்டாம். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அவர் சொல்லும் விதத்தில் குறைக்க வேண்டும்.

எடை குறைஞ்சா மூச்சு தானா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. அதுவரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?

இந்தத் தொகுப்பை எழுதியதே முக்கியமாக இந்தக் கேள்விக்காகத்தான். காத்திருக்காதீர்கள். எடை குறைய மாதங்கள் ஆகும், சில குழந்தைகளுக்கு வருடங்கள் ஆகும். அத்தனை இரவும் ஆக்சிஜன் இறங்கி ஏறிக்கொண்டே இருந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடும், இதயத்தின் வலது பக்கம் சிரமப்படும், ரத்த அழுத்தமும் ஏறலாம். படிப்பும் நடத்தையும் கெடுவதை முன்பே சொன்னேன்.

இன்னொன்று, தூக்கம் கெட்டால் எடை குறைவதே கடினம். தூக்கமில்லாத உடம்பு பசியைத் தூண்டும், இனிப்பைக் கேட்கும், பகலில் ஓடியாடத் தெம்பிருக்காது. மூச்சைச் சரிசெய்தால்தான் எடைக்கான முயற்சியும் பலிக்கும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் ஆரம்பியுங்கள். "முதல்ல அஞ்சு கிலோ குறைச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இரவில் நடப்பதை வீடியோவோடு காட்டி மறுபடி கேளுங்கள், தேவைப்பட்டால் இன்னொரு டாக்டரிடம் போங்கள்.

டான்சில், அடினாய்டு ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சுதா?

பல குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை அதுதான், நன்றாகவே பலன் தரும். அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையிலான 464 குழந்தைகளிடம் நடத்தி 2013ல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கப் பரிசோதனை இயல்பானது. ஆபரேஷன் செய்யாமல் கவனித்து வந்தவர்களில் 46 சதவீதம். ஆனால் உடல் பருமன் உள்ள குழந்தைகளில் முழுதாகச் சரியானவர்கள் குறைவு, டான்சில் போனாலும் கழுத்துக் கொழுப்பும் வயிற்று அழுத்தமும் அங்கேயேதான் இருக்கின்றன. அதனால் ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து மறுபடி பரிசோதனை செய்வது அவசியம், குறட்டை நின்றுவிட்டாலும்கூட. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறுவதும் சகஜம், முதல் வாரம் ஐஸ்கிரீம் கொடுத்த பழக்கத்தை அப்படியே தொடர விடாதீர்கள்.

ஆபரேஷன் அன்று ஒரு விஷயம். மயக்க மருந்து டாக்டரிடம் குறட்டை, மூச்சு நிற்பது, எடை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பல் சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தாலும் இதே கதைதான். இந்தக் குழந்தைகளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, ஓர் இரவாவது ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

தூக்கப் பரிசோதனைன்னா ஊசியெல்லாம் போடுவாங்களா? எம் பையன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுடுவானே.

ஊசி கிடையாது, தூக்க மருந்தும் கிடையாது. தலையிலும் முகத்திலும் நெஞ்சிலும் ஒயர்களைப் பசையால் ஒட்டுவோம், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கடியில் ஒரு சின்னக் குழாய், விரலில் சிவப்பு விளக்கு. அம்மாவோ அப்பாவோ பக்கத்திலேயே படுக்கலாம். பாதி ராத்திரியில் பிடுங்கினால் திரும்ப ஒட்டுவது எங்கள் வேலை, அதற்காகச் சங்கடப்படாதீர்கள்.

மணிக்கு எத்தனை தடவை மூச்சு அடைபட்டது அல்லது குறைந்தது என்று ஓர் எண் வரும். பெரியவர்களுக்கு 5 வரை விட்டுவிடுவார்கள், குழந்தைகளுக்கு 1ஐத் தாண்டினாலே இயல்பு இல்லை, 10ஐத் தாண்டினால் கடுமை. பருமனான குழந்தைக்குக் கரியமில வாயுவையும் அளக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூச்சு அடைபடாமலே ஆழமில்லாமல் போய்க்கொண்டிருந்தால் அதில்தான் தெரியும்.

வீட்டு ஆக்ஸிமீட்டர்ல 98 காட்டுது. அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு?

விரலில் மாட்டும் அந்தக் கருவி, விழித்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டுவது நல்லதுதான். அது தூக்கத்தில் நடப்பதைச் சொல்லாது. தூங்கும்போது ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்தாலும் அந்த நிமிடத்தில் அடைப்பு வராமல் இருக்கலாம். கரியமில வாயுவை அந்தக் கருவி அளப்பதே இல்லை. எண் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். தூக்கத்தில் 90க்குக் கீழே திரும்பத் திரும்ப இறங்கினால் மட்டும் அதைப் படம் எடுத்துக்கொண்டு சீக்கிரம் போங்கள்.

மாஸ்க் மெஷின் வச்சா அதுக்கே அடிமையாயிடுவாளா?

ஆக மாட்டாள். கண்ணாடி போட்டால் எழுத்து தெரியும், கழற்றினால் தெரியாது. அதற்காகக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லையே. சி-பேப் என்கிற அந்த மெஷின் லேசான அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. கரியமில வாயுவும் தேங்கும் குழந்தைக்கு இழுக்கும்போது ஓர் அழுத்தம், விடும்போது ஓர் அழுத்தம் என்று தரும் பை-பேப் தேவைப்படும்.

முதல் சில வாரங்கள் போராட்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதலில் மெஷின் இல்லாமல் வெறும் மாஸ்க்கைப் பகலில் விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள், பொம்மைக்கும் ஒன்று மாட்டிவிடுங்கள். பிறகு விழித்திருக்கும்போதே மெஷினோடு பத்து நிமிடம், அப்புறம்தான் தூக்கத்தில். அழுதால் அடித்துக் கட்டிப்போட்டு மாட்டாதீர்கள், அதற்கப்புறம் அந்தக் குழந்தை மாஸ்க் பக்கமே வராது. இறுக்கமான மாஸ்க்கை வருடக்கணக்கில் போட்டால் முகத்தின் நடு எலும்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம், அதனால் வளர வளர மாஸ்க் அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுக்குப் பதிலா ராத்திரி ஆக்சிஜன் வச்சா போதாதா?

வழி அடைபட்டிருக்கும்போது ஆக்சிஜன் கொடுத்தால் எண் நன்றாகத் தெரியும், அடைப்பு அப்படியே இருக்கும். கரியமில வாயு தேங்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் மூச்சு இன்னும் மந்தமாகலாம். டாக்டர் சொல்லாமல் வாடகைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

சளி பிடிச்சா நல்லா தூங்கட்டும்னு சிரப் குடுக்கலாமா?

தூக்கம் வரவைக்கும் சளி, இருமல் மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மருந்து இரண்டையும் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் எச்சரித்தது. 18 வயது வரை உடல் பருமனோ தூக்க மூச்சடைப்போ இருந்தாலும் தவிர்க்கச் சொன்னது. மூச்சை மந்தப்படுத்துவதுதான் காரணம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பழக்கத்தை இந்தக் குழந்தை விஷயத்தில் விட்டுவிடுங்கள்.

மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விடலாம், பக்கவாட்டில் படுக்க வைக்கலாம், கட்டிலின் தலைமாட்டை லேசாக உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் தாடை நெஞ்சில் குத்தி வழி இன்னும் அடைபடும். ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

சரி, எடைக்கு என்ன பண்றது? சாப்பாட்டை நிறுத்தினா அழறா. ஊசி வந்திருக்காமே?

வளரும் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. பல சின்னக் குழந்தைகளுக்கு எடை ஏறாமல் நிறுத்தினாலே போதும், உயரம் கூடக் கூட விகிதம் சரியாகும். மிகக் கடுமையான பருமன் என்றால் மெதுவாகக் குறைக்கவும் வேண்டும், அதை டாக்டரும் உணவு ஆலோசகரும் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். வீட்டில் முதலில் கை வைக்க வேண்டியது குடிப்பதில்: ஜூஸ், குளிர்பானம், ராத்திரி பால் பாட்டில், பாலில் கலக்கும் சர்க்கரை நிறைந்த மால்ட் மாவுகள். இந்த மாவுகளை ஹெல்த் டிரிங்க் என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. மொபைல் பார்த்துக்கொண்டே ஊட்டுவதை நிறுத்துங்கள், வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. அண்ணனுக்கு சிப்ஸ், தம்பிக்கு வெள்ளரிக்காய் என்றால் தாங்குமா?

ஊசி மருந்துகள் பொதுவாக 12 வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே சில மரபணுக் குறைபாடுகளுக்கு மட்டும் தனி மருந்து உண்டு, அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஆறே மாசத்துல பத்துப் பன்னெண்டு கிலோ ஏறிடுச்சு. நாங்க அதிகமா ஒண்ணும் குடுக்கலையே?

இப்படிச் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டிய விஷயம் இது. அதுவரை சாதாரணமாக இருந்த குழந்தை இரண்டு முதல் ஏழு வயதுக்குள் திடீரென்று ஊதினால் ரோஹாட் என்ற மிக அரிய நோயை நினைக்க வேண்டும். அதில் மூளையின் மூச்சுக் கட்டுப்பாடே தளர்ந்து, தூக்கத்தில் அடைப்பே இல்லாமல் மூச்சு குறைந்துபோகும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து, வென்டிலேட்டர் துணையோடு காப்பாற்ற முடியும். எடை திடீரென ஏறியது என்பதைத் தேதிவாரியாக, பழைய போட்டோக்களோடு காட்டுங்கள்.

பிறந்தபோது துவண்டு, பால் குடிக்கத் தெம்பில்லாமல் இருந்து, பிறகு அடங்காத பசி வந்த குழந்தைக்கு பிராடர்-வில்லி என்ற மரபணுக் குறைபாட்டைச் சோதிப்பார்கள். ஆறாவது விரலும் இரவுப் பார்வைக் குறைவும் இருந்தால் பார்டெட்-பீடல் என்ற இன்னொரு மரபணுக் குறைபாட்டைத் தேடுவார்கள். பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோனே சுரக்காத நிலை 1997ல் உறவுக்காரர்களான இரண்டு குழந்தைகளிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது, மூத்தவளுக்கு 8 வயதில் 86 கிலோ. அவர்கள் வீட்டிலும் சொந்தத்துக்குள் கல்யாணம். நம் ஊரில் மாமன், அத்தை மகன் கல்யாணம் சகஜம் என்பதால் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மரபணுக் குறைபாடுகளுக்கு செட்மெலனோடைட் என்ற மருந்துக்கு 2020ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வீட்டில் ஒரு அடையாளம் பார்க்கலாம்: சாப்பாட்டால் குண்டான குழந்தை பெரும்பாலும் வயதுக்கு உயரமாகவும் இருக்கும். குண்டாக இருந்து உயரம் குறைவாக இருந்தால் ஹார்மோன், மரபணுக் காரணத்தைத் தேட வேண்டும்.

எப்ப உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், முனகலோடு மூச்சு விட்டால், பேச முடியாமல் திணறினால், எழுப்பினாலும் தெளியாமல் சொக்கினால் 108ஐக் கூப்பிடுங்கள். வரும் வரை படுக்க வைக்காமல் சாய்த்து உட்கார வைத்திருங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

எடை குறைஞ்சிடுச்சு, குறட்டையும் இல்ல. மெஷினை நிறுத்திடலாமா?

நல்ல செய்தி, ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மெஷின் போட்டிருப்பதால்தான் குறட்டை இல்லையா, தொண்டை நிஜமாகவே சரியாகிவிட்டதா என்பது மெஷின் இல்லாமல் இன்னொரு இரவுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதற்கு எத்தனை நாள் முன்னால் மெஷினை நிறுத்துவது என்று அந்தப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். ரோஹாட், பிராடர்-வில்லி போன்றவற்றில் எடை குறைந்தாலும் மூச்சுக் கட்டுப்பாடு தளர்ந்தே இருக்கலாம், அங்கே இந்தக் கேள்வியே டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மற்றவர்களுக்குப் பரிசோதனை நன்றாக வந்து மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகும், எடை மறுபடி ஏறினாலோ குறட்டை திரும்பினாலோ அடுத்த செக்கப் வரை காத்திராமல் வீடியோவோடு வாருங்கள்.